பதினெட்டுத் தொட்டி ஏலக்காய்

1

போன வெள்ளிக்கிழமை என் மகளின் பள்ளியில் அறுவடை நாள். அழைப்புத் தாளில் உருளைக்கிழங்கு சூப், கேரட், ஆப்பிள் என்று வரிசையாகப் போட்டுவிட்டு, கடைசியில் கொஞ்சம் பெரிய எழுத்தில், "நஸ்ரினின் அம்மா ஊரிலிருந்து வந்த ஏலக்காய்ச் செடிகள்! எல்லோரும் வந்து பாருங்கள்" என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தேன். இரண்டு வாரமாகப் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அது என்னை முறைத்துக்கொண்டே இருந்தது. காரணம், அந்தத் தொட்டிகளில் வளர்ந்திருந்தது ஏலக்காயே இல்லை.

என் பெயர் மைமூன். போடிநாயக்கனூரில் ஏலக்காய் மண்டி வைத்திருந்தவர் வீட்டுப் பெண். கல்யாணமாகி நார்வே நாட்டுக்கு, பெர்கன் என்ற ஊருக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. போடியிலிருந்து வெளியே போன எத்தனையோ பேர் படிப்பிலும் தொழிலிலும் பேர் வாங்கியிருக்கிறார்கள். நான் ஏலக்காயில் பொய் சொல்லிப் பேர் வாங்கினேன். ஊர்க்காரர்கள் இந்த வரியோடு நிறுத்திவிட்டுச் சண்டைக்கு வராதீர்கள். முழுக்கப் படித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

2

பெர்கனில் மழை பெய்யாத நாளைத்தான் காலண்டரில் குறித்துவைக்க வேண்டும். ஊரைச் சுற்றி மலை. மலையிலிருந்து மேகம் இறங்கி வீட்டு ஓடுகளின் மேல் உட்கார்ந்துகொள்ளும். வந்த புதிதில் காலையில் ஜன்னலைத் திறந்தால், போடிமெட்டு ஏறுகிற ஜீப்பு ஏதோ ஒரு வளைவில் நின்றுவிட்டதோ, இன்னும் கொஞ்ச நேரத்தில் கியர் மாற்றிக் கிளம்பிவிடுமோ என்று தோன்றும். கிளம்பாது. மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒருவர் நாயோடு நடந்து போவார். அவ்வளவுதான்.

வந்த முதல் வாரத்தில் ஒரு ரொட்டிக் கடையைத் தாண்டிப் போகும்போது கால் நின்றுவிட்டது. உள்ளேயிருந்து ஏலக்காய் வாசம். இங்கே பன்னில் ஏலக்காய் போடுகிறார்கள். சும்மா பேருக்கு ஒன்றிரண்டு இல்லை, மனசாரப் போடுகிறார்கள். நான் கடை வாசலிலேயே நின்று அழுதேன். கடைப்பெண் பயந்துபோய் ஒரு காகிதக் கைக்குட்டையும் ஒரு சூடான பன்னும் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது இவர், "போடில பொறந்துட்டு ஏலக்கா வாசத்துக்கு அழுத ஆளு ஒலகத்துலயே நீ ஒருத்திதான்" என்று சிரித்தார்.

நஸ்ரின் அந்த வாசத்துக்குள்ளேயே பிறந்தவள். அவளுக்கு ஆறு வயதில், என் அத்தா, அவளுடைய நன்னா, போடியிலிருந்து அனுப்பிய பார்சலைப் பிரித்தபோது மூக்கை உள்ளே விட்டுவிட்டு, "அம்மா, நன்னா அனுப்புன பெட்டில நம்ம பன்னு வாசம் வருது" என்றாள்.

"அடி கழுத, அங்கேருந்து வர்ற வாசத்தைத்தான்டி இங்க பன்னுல போடுறாங்க" என்றேன். அவள் நம்பவில்லை. ஏலக்காய் அவளுக்கு பெர்கன் சரக்கு. நன்னாவுக்கு யாரோ கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள்.

இந்த வருஷம் மார்ச் மாதத்தில் வகுப்பு ஆசிரியை இங்கிரிட் ஒரு தாள் அனுப்பினார். பள்ளித் தோட்டத்துக்காக ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுச் சமையலறையிலிருந்து, முளைக்கக்கூடிய ஏதாவது ஒன்றைக் கொண்டுவர வேண்டும். செடி எப்படி வளர்கிறது, சாப்பாடு எங்கேயிருந்து வருகிறது என்று பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அன்று சாயங்காலம் நஸ்ரின் வீட்டுக்குள் நுழைந்தபோது கன்னம் சிவந்திருந்தது.

"அம்மா, நான் ஏலக்கான்னு சொல்லிட்டேன். எங்கம்மா ஊர்லதான் அது விளையுதுன்னு சொன்னேன். மாக்னுஸ் சிரிச்சான். அது கடையில பாட்டில்லதான் வரும்னான். வளத்துக் காட்டுறேன்னு சொல்லிட்டேன். நீ வளப்பதானே?"

மாக்னுஸ் அவள் பக்கத்து மேசைப் பையன். ஒன்பது வயதில் என் மகள் பதினேழு பிள்ளைகளுக்கு முன்னால் எழுந்து நின்று என் ஊர்ப் பேரைச் சொல்லியிருக்கிறாள். அதற்கு முன் ஒரு நாளும் சொன்னதில்லை. ஊர் எது என்று யாராவது கேட்டால் தெருப் பேரைச் சொல்லுகிறவள். அன்றைக்கு அவள் யானை வளர்த்துத் தா என்று கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

3

என் அறிவு எந்த அளவு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் வீட்டின் முன்பக்கம் முழுக்க மண்டி. காலை பத்து மணிக்கு வெயில் ஓட்டுக் கண்ணாடி வழியாக நீளமாக உள்ளே இறங்கும்போது, பத்துப் பன்னிரண்டு பெண்கள் முறத்தோடு உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். காம்பு கிள்ளுவார்கள், வெடித்ததைத் தனியே போடுவார்கள், வெளுத்ததைத் தனியே போடுவார்கள். சல்லடையில் சலித்தால் சின்னது கீழே விழும், போல்டு என்கிற பெரிய காய் மேலே நிற்கும். எங்கள் வீட்டில் காய் என்றாலே ஏலக்காய்தான். வெண்டைக்காய், கத்தரிக்காய்க்குத்தான் முழுப் பேர். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைப் போட்டதும் ஒரு கைப்பிடி அள்ளித் தகரத் தட்டில் போடுவேன். விழுகிற சத்தத்திலேயே ஈரம் இருக்கிறதா, நன்றாகக் காய்ந்ததா என்று சொல்லிவிடுவேன். அத்தா பெருமையாக வந்தவர்களிடம், "எம்மக காதுலயே காய் பாப்பா" என்பார்.

ஆனால் செடியை நான் பார்த்ததில்லை. உண்மை. மாடியில் நின்றால் மலை. காலையில் நீலம், மத்தியானம் பச்சை, சாயங்காலம் மறுபடி நீலம். அந்த மலையில் ஏலம் விளைகிறது, ஜீப்பில் ஆள் ஏறிப் போகிறார்கள், லோடு கீழே வருகிறது, இவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை போடிமெட்டுக்குக் கூட்டிப் போனார்கள். நாலாவது வளைவிலேயே வாந்தி எடுத்துவிட்டு அம்மா மடியில் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது கையில் ஒரு வாழைப்பழம் இருந்தது. சுற்றிலும் வெள்ளையாகப் பனி. ஏலத்தோட்டம் பார்த்தேன் என்று பல வருஷம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்தது பனியையும் வாழைப்பழத்தையும்தான்.

இப்படிப்பட்ட நான்தான் பெர்கன் பள்ளிக்கூடத்தில் ஏலக்காய் நிபுணராகப் போய் நின்றேன்.

விதைத்த நாளை மறக்க மாட்டேன். பதினெட்டுப் பிள்ளைகள், பதினெட்டு மண் தொட்டிகள், அத்தா அனுப்பிய நல்ல பச்சைக் காய் ஒரு டப்பா. ஒவ்வொரு கையிலும் ஒரு காயை வைத்து, நகத்தால் உரிக்கச் சொன்னேன். உள்ளே மூன்று அறை, ஒவ்வொரு அறையிலும் கறுப்பு விதைகள் ஒட்டிக்கொண்டு இருப்பதைக் காட்டினேன். எண்ணச் சொன்னேன். ஒரு பெண் பதினாறு என்றாள், ஒரு பையன் பத்தொன்பது என்றான். வகுப்பறை முழுக்க எங்கள் மண்டி வாசம் நிறைந்துவிட்டது. வெளியே மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் விரலை முகர்ந்துகொண்டே இருந்தார்கள். இங்கே பிள்ளைகள் பெரியவர்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "மைமூன், எத்தனை நாளில் வரும்?" என்று மாக்னுஸ் கேட்டான்.

"மலைச் செடி. மெதுவாகத்தான் வரும்" என்றேன். எவ்வளவு அழகாகச் சொன்னேன் பாருங்கள்.

4

நாற்பது நாள் காத்திருந்தோம்.

வெள்ளிக்கிழமைதோறும் தண்ணீர் ஊற்ற நான் போவேன். மற்ற பிள்ளைகள் கொண்டுவந்த பட்டாணி, பீட்ரூட், சூரியகாந்தி எல்லாம் ஜன்னலோரத்தில் எழுந்து நின்றுகொண்டு வெளிச்சத்தைப் பார்த்துக் கழுத்தை நீட்டின. ஏலக்காய்த் தொட்டிகள் மட்டும் கறுப்பு மண்ணாகவே இருந்தன. பிள்ளைகள் மேசையில் தாடையை வைத்துக்கொண்டு அதையே பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன். பார்த்துக்கொண்டே இருந்தால் மண் லேசாக அசைவது போலிருக்கும். மலையே அந்த மண்ணுக்குள் எங்கோ தூரத்தில் இருக்கிறது, அங்கிருந்து நடந்து வருகிறது, நேரமாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

"அம்மா, இன்னும் தூங்குதா?" என்று நஸ்ரின் வழியில் கேட்பாள். முதல் மூன்று வாரம் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். மாக்னுஸ், "கடையில் பாட்டிலில்தான் வரும்" என்று மறுபடி சொல்ல ஆரம்பித்திருந்தான். அவள் எனக்குச் சொல்லவில்லை. இங்கிரிட் சொன்னார்.

அன்றைக்கே பேச்சிக்குப் போன் போட்டேன். பேச்சியம்மாள் என்னோடு போடியில் பள்ளிக்கூடம் படித்தவள். மலையடிவாரத்துக் குரங்கணி ஊர்ப் பிள்ளை. இப்போது குரங்கணிக்கு மேலே சரிவில் ஒரு துண்டு நிலத்தில் காப்பியும் ஏலமும் போட்டிருக்கிறாள். வீடியோவில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏ மைமூனு, எந்தக் காயடி போட்ட?"

"அத்தா அனுப்புனதுடி. நல்ல பச்சை. எட்டு எம்எம் போல்டு."

சிரித்தாள் பாருங்கள், சிரித்த சிரிப்பில் அப்படியே தரையில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"அடி கூறுகெட்டவளே! அது காய் ஒலத்துற ஸ்டோர்ல ராவும் பகலும் அனல்ல கெடந்து காஞ்ச காய்டி. அதுல உசுரு எங்கிட்டு இருக்கும்? அவிச்ச முட்டைய அடைகாக்க வச்ச கதையால்ல இருக்கு!"

"பச்சையாத்தானடி இருந்துச்சு?"

"பச்சையா இருந்தாப் போதுமா? ஒங்க மண்டிக்காரகளுக்குக் காய்தான் தெரியும், செடி தெரியாது. பழுத்த காயச் செடியிலேருந்து எடுத்து, வெதையச் சாம்பல் போட்டுப் பெசறிக் கழுவி, அன்னைக்கே வெதைக்கணும். சரி சரி, அழுவாத. மொளச்சா எப்படி இருக்கும்னாவது தெரியுமா? இஞ்சி மொளை மாதிரியே இருக்கும். ரெண்டும் ஒரே கூட்டம். சின்னதுல எனக்கே தடுமாறும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சும்மா பேச்சுவாக்கில்தான் சொன்னாள்.

நான் முதலில் நேர்மையாகத்தான் முயன்றேன், அதையும் எழுதிவிடுகிறேன். உயிருள்ள விதை கொண்டுவர என்ன செய்ய வேண்டும் என்று இங்கேயுள்ள விவசாய அலுவலகத்துக்கு எழுதினேன். நாலு பக்கப் பதில் வந்தது. காய்ந்த ஏலக்காய் என்றால் உணவு, தாராளமாகக் கொண்டுவரலாம். முளைக்கிற ஏலக்காய் என்றால் செடி, அதற்கு அந்த நாட்டிலிருந்து நோய் இல்லை என்று சான்றிதழ் வேண்டும், இங்கே விண்ணப்பம் வேண்டும். விண்ணப்பத்தில் செடியின் லத்தீன் பேர் என்ன என்று ஒரு கட்டம். விளைந்த இடத்தின் உயரம் என்ன என்று ஒரு கட்டம். பேச்சியிடம் உயரம் கேட்டேன். "வீட்லேருந்து ஏறுனா மூச்சு வாங்கும், அம்புட்டு ஒசரம்னு போடு" என்றாள். பூர்த்தி செய்து அனுப்பினேன். ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது என்று திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. இன்றைக்கும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

5

மே மாதத்தில் ஒரு காலை, சமையலறைக் கூடையில் கிடந்த இஞ்சித் துண்டு ஒன்று முளைவிட்டிருந்தது. வெளிறிய பச்சையில் கூர்மையாக ஒரு மூக்கு. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

துருக்கிக்காரர் கடைக்குப் போய், கூடை முழுக்கக் கிளறி மொட்டுள்ள இஞ்சியாகப் பார்த்துப் பொறுக்கினேன். மண்டி வீட்டுப் பிள்ளை அல்லவா, பொறுக்கத் தெரியும். கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் விளையாட்டு அறைக்குப் போன நேரத்தில், பதினெட்டுத் தொட்டியிலும் விரலால் குழி பறித்து, மொட்டு மேலே பார்த்தபடி ஒவ்வொரு துண்டாகப் புதைத்தேன். இருப்பதிலேயே கொழுத்த மொட்டை நஸ்ரின் தொட்டியில் வைத்தேன். மண்ணை நிரவிவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். பிள்ளை முகம் வாடாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், வாடாமல் இருக்க வேண்டியது என் முகம்தான் என்று தெரிகிறது.

பத்து நாளில் பள்ளியிலிருந்து போன். இங்கிரிட் போனிலேயே கத்தினார். "மைமூன்! வந்துவிட்டது! உங்கள் மலை வந்துவிட்டது!" பிள்ளைகள் தொட்டியைச் சுற்றி நின்று கை தட்டினார்களாம். மாக்னுஸ் நஸ்ரினிடம் போய் கை கொடுத்தானாம். இந்த ஊரில் ஒன்பது வயதுப் பையன் கை கொடுத்தால் அது பெரிய விஷயம்.

போய்ப் பார்த்தேன். பதினேழு தொட்டியில் பச்சை மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. நஸ்ரின் தொட்டியில் மட்டும் ஒன்றுமில்லை.

அழுகிப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வாரங்கள் போயின. மற்றவை இலை விட்டு, தண்டு விட்டு, ஜன்னல் கண்ணாடியைத் தொட்டன. பிள்ளைகள் கேலி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். ஏலக்காய் ஊர்க்காரி தொட்டியில்தான் ஏலக்காய் வரவில்லை என்று. அவளோ தினமும் தன் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

"நான் ஒரு தடவ மண்ணு மாத்தி வச்சுத் தர்றேன், குடு" என்றேன்.

"வேணாம்மா" என்றாள். "அது வரும்போது வரட்டும்."

என்னைப் பார்க்காமல் சொன்னாள். பிடிவாதம், அப்படியே அத்தா மாதிரி என்று நினைத்தேன். அதற்கெல்லாம் முன்பே, நான் இஞ்சி புதைத்த அடுத்த வாரம், எங்கள் வீட்டு இஞ்சிக் கூடையில் மண் அப்பிய ஒரு துண்டு கிடந்தது. துருக்கிக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே கழுவித் தட்டி டீயில் போட்டேன்.

6

ஜூலையில் ஊருக்குப் போனோம். அத்தா மண்டியை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் ஒரு முறமும் தகரத் தட்டும் இன்னும் சுவரோரமாக இருக்கின்றன. போனதும் நஸ்ரின் கேட்டாள், "நன்னா, ஏலக்காச் செடில காய் எங்க இருக்கும்? மேலயா, இலைக்குப் பக்கத்துலயா?"

அத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மண்டி வாசல்ல மூட்டை வந்து எறங்குற வரைக்கும் அது எங்கிட்டு இருந்தா நமக்கென்னத்தா? எறங்குனதுக்கப்புறம் கேளு, சொல்றேன்."

சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் யார் பிள்ளை என்பதில் சந்தேகமே இல்லை.

அடுத்த நாள் பேச்சி குரங்கணிக்கு வரச் சொன்னாள். ஜீப்பு விட்ட இடத்திலிருந்து மேலே நடந்தோம். சாரல். பெர்கனில் அணிகிற அதே மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நஸ்ரின் முன்னால் போனாள். பெரிய மரங்களுக்குக் கீழே, ஆள் உயரத்துக்கு மேலே ஏலச் செடிகள் நின்றன. நாற்பத்தோரு வயதில் அன்றைக்குத்தான் நான் ஏலச் செடியைப் பார்த்தேன். வெளிச்சம் பச்சைத் தண்ணீர் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. எங்கோ தேனீ சத்தம். நாங்கள் இரண்டு பேரும் அண்ணாந்து இலைகளுக்கிடையில் காயைத் தேடிக்கொண்டு நின்றோம்.

பேச்சி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். "என்ன, ஆத்தாளும் மகளும் ஆகாசத்துல தேடுறீக? ஏலம் பாக்கணும்னா குனியணும்த்தா. கீழ பாரு."

நஸ்ரின் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். செடியின் தூரிலிருந்து கொடி மாதிரிச் சரங்கள் கிளம்பி மண் மேலேயே ஊர்ந்து போயின. சரத்தில் வெள்ளைப் பூ, உள்ளே ஊதாக் கோடு. பூவுக்குப் பின்னால் பச்சைப் பச்சையாகக் காய். நான் காலடியில் மிதித்துவிடும் தூரத்தில் அத்தனையும் இருந்தது. நானும் உட்கார்ந்துவிட்டேன். என் வீடு, என் படிப்பு, என் கல்யாணம் எல்லாம் இந்தத் தரையிலிருந்து வந்தது, நான் ஒரு நாள்கூட வந்து குனிந்து பார்த்ததில்லை.

நஸ்ரின் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தாள். பிறகு என் மூக்குக்கிட்டே நீட்டினாள்.

"ஸ்கூல்ல இருக்கறது இந்த வாசம் அடிக்காதும்மா. அது இஞ்சி."

நான் இலையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"திங்கக்கெழம. நீ தண்ணி ஊத்திட்டுப் போனதுக்கப்புறம் வந்த திங்கக்கெழம. வெத முழிச்சிருச்சான்னு வெரல விட்டுப் பாத்தேன். கெட்டியா இருந்துச்சு. எடுத்தா இஞ்சி. மத்த தொட்டிலயும் பாத்தேன்."

"அப்ப ஒந்தொட்டி?"

"அத டிபன் பாக்ஸ்ல போட்டுக் கொண்டாந்து கூடைல வச்சிட்டேன். நீ டீ போட்டுட்ட."

"ஏன்டி யார்ட்டயும் சொல்லல?"

அவள் சரத்தில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். "சொன்னா எல்லாரும் ஒன்னையப் பொய் சொன்னேன்னு சொல்லுவாங்கள்ல. ஆனா எந்தொட்டில நெசமான ஏலக்கா இருக்கு. மொளைக்கலன்னாலும் இருக்கு."

யா அல்லாஹ்! ஒன்பது வயதுப் பிள்ளை. என் பொய்யை மூடி மறைக்கத் தன் தொட்டியை வெறும் மண்ணாக வைத்துக்கொண்டு, அத்தனை கேலியையும் வாங்கியிருக்கிறாள். நான் அவளுக்காகப் பொய் சொன்னேன் என்றிருந்தேன், அவள் எனக்காக வாய் மூடி இருந்திருக்கிறாள். அங்கேயே, அந்தச் சாரலில், சத்தம் போட்டு அழுதேன். கொஞ்ச நேரம் கழித்துப் பேச்சி, "சரி எந்திரி, சரத்த மிதிச்சிராத" என்றாள்.

அன்றைக்கு நஸ்ரின் ஒரு பழுத்த காயை எடுத்து, பேச்சி சொன்னபடி சாம்பலில் பிசறிக் கழுவி, பேச்சியின் நாற்றுப் பாத்தி ஓரத்தில் விதைத்தாள். "நாலஞ்சு பச்சக்காய் பையில போட்டு விடட்டுமா? யாரு பாக்கப் போறா?" என்றாள் பேச்சி. நஸ்ரின் என்னைப் பார்த்தாள். "பேப்பர் வரல, அத்த" என்றாள் பேச்சியிடம்.

7

பள்ளி திறந்த நாளிலிருந்து இங்கிரிட்டிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் கிளம்புவேன். தினமும் வேறெதையாவது பேசிவிட்டு வருவேன். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் நஸ்ரின் கேட்டாள், "இன்னைக்குத் தொட்டியையெல்லாம் கொட்டி வேரு பாக்கப் போறோம். நீ சொல்றியா, நான் சொல்லணுமா?"

"நான் சொல்றேன்."

"நெசமா?"

"நெசமா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே மழை. அவள் கை மட்டும் என் கோட்டுப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

வகுப்பறை முழுக்கப் பெற்றோர்கள், கையில் சூப்புக் கிண்ணம். நடு மேசையில் பதினெட்டுத் தொட்டிகள். இங்கிரிட் என்னை முன்னால் அழைத்தார், எல்லோரும் கை தட்டினார்கள். பயம் வந்தால் எனக்கு நார்வே மொழியில் வாக்கியமே கூடாது. அன்றைக்கும் கூடவில்லை. தட்டுத்தடுமாறித்தான் சொன்னேன்.

"இது ஏலக்காய் இல்லை. இஞ்சி. நான்தான் வைத்தேன். நாம் விதைத்த ஏலக்காய் சூட்டில் காய வைத்தது. அதற்கு உயிர் இல்லை. ஏலக்காய் ஊரில் பிறந்தும் எனக்கு அது தெரியாது. தெரிந்தபோது சொல்ல வெட்கமாக இருந்தது. உங்களை ஏமாற்றிவிட்டேன்."



"அப்படியென்றால் நாற்பது நாள் செத்த விதைக்கா தண்ணீர் ஊற்றினோம்?" என்றான் மாக்னுஸ்.

"ஆமாம்."

அவன் யோசித்தான். தன் தொட்டியைக் கவிழ்த்து மண்ணை உதறினான். இளஞ்சிவப்பு நுனியோடு ஒரு கைப்பிடி இஞ்சி வெளியே வந்தது. உடைத்து முகர்ந்தான், முகத்தைச் சுளித்தான், பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்தான். அவ்வளவுதான், பிள்ளைகள் எல்லாம் தொட்டியைக் கவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்கள். மேசை முழுக்க மண்ணும் இஞ்சியும். பெரியவர்கள் சிலர் சிரித்தார்கள், சிலர் சிரிக்கவில்லை. ஒரு தாய் என்னைப் பார்க்காமல் சூப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இங்கிரிட் என் தோளைத் தொட்டு, "இதை மே மாதமே சொல்லியிருக்கலாம், மைமூன்" என்றார். அவ்வளவு கோபம் அவருக்கு நியாயம்தான்.

மாக்னுஸ் நஸ்ரின் பக்கம் திரும்பினான். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அதனால்தான் உன் தொட்டியில் வரவில்லையா?"

கவிழ்க்காமல் மிச்சமிருந்த ஒரே தொட்டி அவளுடையதுதான். அதை இரண்டு கையாலும் தூக்கி, மண்ணைச் சிந்தாமல், மேசையின் நடுவில் வைத்தாள்.

"இதுதான் ஏலக்காய்" என்றாள். "எங்கள் ஊரிலிருந்து வந்தது. முளைக்காது."

எங்கம்மா ஊர் என்று சொல்லவில்லை.

பதினேழு பிள்ளைகளும் கை மண்ணோடு சுற்றி வந்து நின்றார்கள். தொட்டியில் ஒன்றும் இல்லை. கறுப்பு மண், மேலே காலையில் அவள் ஊற்றிய தண்ணீரின் ஈரம். முதலில் மாக்னுஸ் குனிந்தான். பிறகு ஒவ்வொருவராக, தலையோடு தலை முட்ட, எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நானும் போய்க் குனிந்தேன்.